படகைப் பிடித்து வைத்துக்கொண்டு இடவாடகை கேட்கலாமா?

கேள்வி: முப்பது வருடப் பழைய 14 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கினேன். லீவு நாளில் மகனோடு ஓட்டத்தான். பின்பலகைக்குள் இருந்த பிளைவுட் உளுத்துப்போனதால் ஒரு படகுப் பட்டறையில் விட்டேன். 85,000 ரூபாய், மூன்று மாதம் என்று பேச்சு, 50,000 கொடுத்துவிட்டேன். 14 மாதமாகியும் பாதி வேலைதான். இப்போது இன்னும் 70,000 ரூபாயும், மாதம் 3,000 வீதம் இடவாடகையும் கொடுத்தால்தான் படகு என்கிறார். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, வாட்ஸ்அப்பில் பேசியதுதான். ஆட்களோடு போய் எடுத்து வந்துவிடலாமா? - கடலூர் வாசகர்

பதில்: வேண்டாம். படகு உங்களுடையதுதான், ஆனாலும் நீங்களே கொடுத்துத்தான் அது அவரிடம் இருக்கிறது. ஆட்களோடு போனால் அத்துமீறல் என்று உங்கள் மேலேயே புகார் வரும்.

அவர் நம்பியிருப்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு. உழைப்போ திறமையோ செலுத்தி ஒரு பொருளில் வேலை செய்தவர், கூலி வரும்வரை அதை வைத்துக்கொள்ளலாம். இதற்குப் பற்றுரிமை என்று பெயர். சட்டமே ஓர் உதாரணம் சொல்கிறது: பட்டை தீட்டக் கொடுத்த வைரத்தை, தீட்டி முடித்த நகைக்காரர் காசு வாங்கும்வரை தராமல் இருக்கலாம். கவனியுங்கள், தீட்டி முடித்தவர். பாதி வேலையோடு கெடுவையும் தாண்டி நிற்பவர் இந்தப் பிரிவைப் பிடித்துக்கொண்டு நிற்பது கடினம். இடவாடகை, செய்த வேலைக்கான கூலியே அல்ல. முதலில் அப்படி ஒரு பேச்சு இல்லாதபோது அதற்காகப் படகை நிறுத்தி வைக்க முடியாது.

எனக்கு வழக்கைவிடப் படகைப் பற்றித்தான் கவலை. வெட்டவெளியில் நிற்கிறதா? வடிகால் மூடி திறந்திருக்கிறதா? மூடியிருந்தால் மழைநீர் உள்ளே தேங்கும், புதிதாக வைத்த பிளைவுட்டும் ஊறிவிடும். இந்த வாரமே போய்ப் பாருங்கள், சண்டை போடாமல். பின்பலகை, அடிப்பகுதி, எஞ்சின் இருந்தால் அதன் நம்பர் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுங்கள். தன் சொந்தப் பொருளைப் போலப் பார்த்துக்கொள்ள வேண்டியது அவர் கடமை (பிரிவு 151). சொன்ன நேரத்தில் திருப்பித் தராவிட்டால், அதற்குப் பிறகு ஏற்படும் சேதமும் அவர் தலையில்தான் (பிரிவு 161).

அப்புறம் வக்கீல் நோட்டீஸ். செய்த வேலையை வேறொரு ஃபைபர் மேஸ்திரியை வைத்து மதிப்பிட்டு, அது 50,000-ஐத் தாண்டினால் மீதியைத் தருவதாக எழுதுங்கள். இது உங்கள் நியாயத்துக்கு வலு சேர்க்கும். 15 நாள் கொடுங்கள்.

மசியவில்லை என்றால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். பட்டறை வேறு ஊரில் இருந்தாலும் பரவாயில்லை. இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. படகைப் பாதுகாக்க இடைக்கால உத்தரவும் கேட்கலாம். சொந்தப் பொழுதுபோக்குக்கு என்பதால்தான் இந்த வழி; சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விட வாங்கியிருந்தால் வணிக நோக்கம் என்று எதிர்த்தரப்பு கிளப்பும்.

வழக்குப் போடக் கெடு இரண்டு வருடம். மூன்று மாதத் தவணை முடிந்த நாளிலிருந்து எண்ணுங்கள்; பதினோரு மாதம் போய்விட்டது. "அடுத்த வாரம் முடிச்சிடறேன்" என்று அவர் போனில் சொல்வதை நம்பி நாளை ஓட்டாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல், போனையும் மாற்றாமல் வைத்திருங்கள். 2023-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் இணைத்துத்தான் அதைத் தாக்கல் செய்ய வேண்டும்.