இஸ்ரேலிய நண்பர் குடும்பத்தோடு இந்தியா வருகிறார், திட்டமிட உதவி கேட்கிறார். எந்தெந்த ஊரைச் சொல்லலாம்?

டெல் அவிவில் உங்களோடு வேலை பார்ப்பவர், மனைவி, இரண்டு பிள்ளைகள், மூன்று வாரம், முதல் குடும்பப் பயணம். எந்த ஊரைச் சொல்லலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் எந்த ஊரையும் சொல்லாதீர்கள். அது உங்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.

பட்டுத் தெரிந்துகொண்டதுதான் இது. இஸ்ரேலில் ரெஹோவோத் என்ற ஊரில் ஐந்து வருடம் ஆராய்ச்சி வேலையில் இருந்தேன். வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது இந்தியப் பயணத் திட்டத்தோடு என் மேசைக்கு வருவார்கள். முதல் தடவை பெருமையாகத் தாஜ்மகாலில் ஆரம்பித்து மதுரை, ஆலப்புழை வரை வந்தேன். ஆய்வகத் தோழி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கசோலில் இப்போது கூட்டம் அதிகமாமே, கல்கா தேவலையா?" என்றாள். இமாச்சலத்தின் பார்வதிப் பள்ளத்தாக்கில், பர்ஷைணிக்கு மேலே அப்படி ஒரு கிராமம் இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

இஸ்ரேலில் ஆண்கள் கிட்டத்தட்ட மூன்று வருடம், பெண்கள் இரண்டு வருடம் ராணுவத்தில் கழித்துவிட்டு வருகிறார்கள். அப்புறம் ஹோட்டலிலோ பெட்ரோல் பங்கிலோ பழத்தோட்டத்திலோ ஆறு மாதம் வேலை செய்து காசு சேர்ப்பார்கள். இப்படிச் சில வேலைகளுக்கு அரசே தனியாக ஊக்கத்தொகை தருகிறது. சேர்ந்த காசோடு தென் அமெரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ மாதக்கணக்கில் கிளம்பிவிடுவார்கள். 'பெரிய பயணம்' என்றுதான் எபிரேயத்தில் அதற்குப் பெயர். குளிர்காலத்தில் கோவா, கோகர்ணா, ஹம்பி, புஷ்கர்; வெயில் ஏறினால் தரம்கோட், பழைய மணாலி, லடாக். கடைப் பலகையும் உணவுப் பட்டியலும் எபிரேயத்தில் இருக்கும், காலையில் தக்காளிக் குழம்பில் முட்டை போட்ட அவர்கள் ஊர் ஷக்ஷூகா கிடைக்கும். நம் கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானலையே 'குட்டி இஸ்ரேல்' என்றுதான் சொல்கிறார்கள். இருபது வயதில் முதுகுப் பையோடு வந்தவர்கள்தான் நாற்பதில் பிள்ளைகளோடு திரும்பி வருகிறார்கள். உங்கள் நண்பரும் அப்படி ஒருவராக இருக்கலாம். இல்லாவிட்டால் அவர் அக்காவோ மச்சானோ வந்திருப்பார்.

அவர்களுக்குத் தெரியாதது நம் அரசாங்கப் படிவங்களும் நம் நாட்காட்டியும்தான். அங்கேதான் நீங்கள் தேவைப்படுவீர்கள்.

முதலில் விசா. இஸ்ரேலியர்களுக்கு 2014 முதலே இணையவழி விசா உண்டு. அரசுத் தளத்தைப் போலவே வேடம் போட்டுக் கூடுதல் பணம் பிடுங்கும் தளங்கள் ஏராளம், அதனால் சரியான முகவரியை நீங்களே அனுப்பிவிடுங்கள். படிவத்தில் ஒரு கேள்வி வரும்: ராணுவம், போலீஸ், பாதுகாப்புப் படை எதிலாவது பணியாற்றியிருக்கிறீர்களா? அமைப்பு, பதவி, பணிபுரிந்த இடம் எல்லாம் கேட்கும். அந்த இடத்தில் பாதிப் பேர் நின்றுவிடுவார்கள். "இதைப் பார்த்து விசாவை மறுத்துவிடுவார்களா? 'இல்லை' என்று போட்டுவிடட்டுமா?" என்று எனக்குப் போன் வரும். பொய் மட்டும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஊரில் கட்டாய சேவை இருப்பது படிவத்தைப் பார்ப்பவருக்கும் தெரியும்.

அதைவிட முக்கியமான கேள்வி பெற்றோரைப் பற்றியது. என் தோழிக்கு விமானச் சீட்டு வாங்கியாயிற்று, இன்னும் ஐந்து வாரம் இருந்தது. ஒரு மாலை நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தாள். தாய் பிறந்த ஊர் என்ற கட்டத்தில் சாதாரணமாகக் 'கராச்சி' என்று தட்டினாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவள் அம்மா பெனே இஸ்ரேல் சமூகம், மராத்தி பேசும் யூதர்கள். கராச்சியில் ஒரு காலத்தில் அவர்கள் கணிசமாக இருந்தார்கள், பிறகு பலர் இஸ்ரேலுக்கு வந்து ரம்லாவில் குடியேறினார்கள். நாங்கள் கறிவேப்பிலை வாங்கப் போகும் அதே ரம்லா. ஆனால் பெற்றோரோ தாத்தா பாட்டியோ பாகிஸ்தான்காரர் என்றால் இணையவழி விசா கிடையாது, தூதரகம் வழியாக வழக்கமான விசாதான். அதற்கு நாள் பிடிக்கும். நாங்கள் தாமதமாக விழித்துக்கொண்டோம், சீட்டை மாற்றுவதற்குக் கட்டணம் கட்டியதுதான் மிச்சம். அதனால் சீட்டு வாங்கும் முன்பே உங்கள் நண்பரிடம் தாத்தா பாட்டி கதையைக் கேட்டுவிடுங்கள். அவர் மனைவியின் பக்கத்தையும் சேர்த்து.

அடுத்தது நாட்காட்டி. அவர்கள் பள்ளி விடுமுறை ஜூலை, ஆகஸ்ட். நமக்கு அது மழைக்காலம். இமாச்சலத்தில் மண்சரிவில் சாலைகள் அடைபடும் மாதங்கள், மழை மறைவில் இருக்கும் லடாக்கும் ஸ்பிதியும்தான் கொஞ்சம் தப்பிக்கும். லே 3,500 மீட்டர் உயரம் என்பதால் பிள்ளைகளோடு விமானத்தில் நேராகப் போய் இறங்கினால் முதல் இரண்டு மூன்று நாள் சும்மா படுத்திருக்க வேண்டும், அந்த நாட்களையும் கணக்கில் சேர்க்கச் சொல்லுங்கள். ஏப்ரலில் அவர்களுடைய பெசாஹ் பண்டிகை விடுமுறை வரும், அப்போது சமவெளி கொதிக்க ஆரம்பித்துவிடும்.

குடும்பத்துக்குத் தோதானது யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவில் தொடங்கி சுக்கோத் பண்டிகை வரை போகும் செப்டம்பர்-அக்டோபர் விடுமுறைதான். வடக்கில் மழை விலகி வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். ஆனால் இதில் ஒரு வேடிக்கை உண்டு. அவர்கள் மாதமும் அமாவாசையை ஒட்டித்தான் பிறக்கிறது. அதனால் பல வருடங்களில் ரோஷ் ஹஷானாவும் நம் நவராத்திரியும் ஒரே நாளிலோ ஒரு நாள் முன்பின்னாகவோ தொடங்கும். 2024இல் இரண்டும் அக்டோபர் 3. 2025இலும் ஏறக்குறைய அப்படித்தான். அவர்கள் வந்து இறங்கும் வாரத்தில் பாதி இந்தியா பூஜை விடுமுறையில் ரயிலேறியிருக்கும். 2026இல் நம் பஞ்சாங்கத்தில் அதிக மாதம் என்று ஒரு மாதம் கூடுதலாக வருவதால் கணக்கு பிரிந்துவிடுகிறது: ரோஷ் ஹஷானா செப்டம்பர் 12, நவராத்திரி ஒரு மாதம் கழித்து அக்டோபர் 11. அதாவது அந்த வருடம் ரயிலில் இடம் கிடைப்பது கொஞ்சம் சுலபம். அக்டோபர் 2 வெள்ளிக்கிழமை, அந்த வாரக்கடைசியில் மட்டும் மலை ஊர்ப் பக்கம் போகாமல் இருந்தால் போதும். நாம் 60 நாள் முன்பு பதிவு செய்கிறோம் என்றால், வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஒதுக்கீட்டில் 365 நாள் முன்பே எடுக்கலாம். இது அவர்களுக்கே பல பேருக்குத் தெரியாது.

விமான விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். நேரடி விமானம் நிலவரத்தைப் பொறுத்து நின்று நின்று ஓடுகிறது. மாறிப் போவதானால் முழுப் பயணமும் ஒரே சீட்டாக இருக்கட்டும். இஸ்ரேலியக் கடவுச்சீட்டுக்குக் குவைத், மலேசியா சரிப்படாது, அந்த வழியாக வரும் மலிவுச் சீட்டில் மயங்க வேண்டாம். "கடைசி நாலு நாள் மாலத்தீவு" என்று திட்டத்தின் வாலில் ஒட்டியிருப்பார்கள், அதையும் அடித்துவிடுங்கள். 2025 ஏப்ரலில் இருந்து அங்கே இஸ்ரேலியக் கடவுச்சீட்டோடு நுழைய முடியாது.

பை. இதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: ராணுவத்தில் வைத்திருந்த பையைக் கொண்டுவர வேண்டாம். அடியில் தையல் மடிப்புக்குள் எப்போதோ விழுந்த ஒரு தோட்டா கிடந்தால் போதும், நம் விமான நிலையத்தில் ஆயுதச் சட்டத்தில் வழக்கு. மறந்துவிட்டேன் என்பது அங்கே எடுபடாது. மலையேறுகிறவர்கள் கையில் வைத்திருக்கும் செயற்கைக்கோள் போன், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி எதுவும் உரிமம் இல்லாமல் இங்கே கூடாது. உலகத்தில் எங்கே போனாலும் பாதுகாப்புக்காக எடுத்துப் போகும் பொருள் இங்கே பிடிபடும் பொருள் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பழைய நினைவில் சரஸ் என்கிற கஞ்சாப் பிசின் பக்கம் போனாலும் சிறைதான்.

சாப்பாட்டில், அதாவது கோஷர் என்ற யூத உணவு விதிகளில், நாம் பெரும்பாலும் தப்பாகச் சொல்வோம். "எங்கள் ஊரில் சைவக் கடை நிறைய, கோஷர் பிரச்சினையே இல்லை" என்று நானும் சொல்லியிருக்கிறேன். சிலருக்கு அது போதும். கண்டிப்பாகக் கடைப்பிடிப்பவர்களுக்குச் சமைத்த பாத்திரம், சமைத்த ஆள், பாலாடைக்கட்டி உறைய வைத்த விதம் எல்லாமே கேள்விதான். எந்த அளவுக்கு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கபாத் என்ற யூத அமைப்பு பயணிகளுக்காக நடத்தும் வீடுகள் டெல்லி பஹார்கஞ்ச், புஷ்கர், தரம்கோட் என்று இருக்கின்றன, ஆனால் சில ஊர்களில் சீசனுக்கு மட்டும்தான். சபாத் (வெள்ளி மாலை முதல் சனி இரவு வரையான ஓய்வு நாள்) பார்ப்பவர்கள் என்றால் வெள்ளி மாலைக்கு மேல் பயணம் வைக்கக்கூடாது. அறையும் கீழ்த்தளமாக, அட்டை தேய்க்கும் பூட்டு இல்லாமல் சாதாரணச் சாவிப் பூட்டாக இருக்க வேண்டும். இதை ஹோட்டல்காரரிடம் தமிழிலோ இந்தியிலோ நீங்கள் ஒரு போன் போட்டுச் சொன்னால் அரை நாள் அலைச்சல் மிச்சம்.

தெருநாயைக் கொஞ்சாமல் அவர்களால் இருக்க முடியாது. கிளம்பும் முன் அங்குள்ள பயணிகள் மருத்துவமனையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசி பற்றிக் கேட்கச் சொல்லுங்கள், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு. காப்பீட்டில் மலையேற்றமும் மீட்பும் தனியாகச் சேர்த்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கூட்டர் எடுப்பார் என்றால் இருசக்கர வாகனத்துக்கான சர்வதேச உரிமம் வேண்டும், இல்லாவிட்டால் விழுந்த அன்று காப்பீடு கைவிரித்துவிடும்.

கொடைக்கானல் பக்கம் வந்தால் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும். ஐந்து லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் கூடாது, பிடித்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய். என் தோழி குடும்பத்தோடு வட்டக்கானலில் தங்கியிருந்தபோது பார்க்கப் போனேன். அவர்கள் நாலு பேரும் ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டிலோடு வந்திருந்தார்கள். சோதனைச் சாவடியில் 60 ரூபாய் கட்டியது நான்தான்.