பதினெட்டுப் பேரை எப்படிப் பொறுக்குவது? ஹாக்கி அணி அமைப்பு பற்றிக் கேள்வி பதில்

நெல்லை, தூத்துக்குடி, தென்காசிப் பக்கம் ஹாக்கி அணி நடத்துபவர்களும், பள்ளி ஆசிரியர்களும், கேலரியில் உட்கார்ந்து அணித் தேர்வைத் திட்டித் தீர்க்கிற ரசிகர்களும் கேட்டவை இவை.

கோவில்பட்டி, கிளப் மேலாளர்: அண்ணாச்சி, போட்டிக்கு 18 பேர் கொண்டு வரலாம்னு சொல்லுதாங்க. எங்ககிட்ட நல்ல ஃபார்வேர்டு மட்டும் ஒன்பது பேர் இருக்கான். யாரை எடுக்க, யாரை விடன்னு தினமும் சண்டை. எப்படிப் பிரிக்க?

பதில்: ஆட்களை அப்புறம் எண்ணலாம், முதலில் வேலைகளை எண்ணுங்கள். ஒரு தாளில் இப்படி எழுதுங்கள்: கோல்கீப்பர், பெனால்டி கார்னரில் (எதிரணி தன் கோல் முன்னுள்ள வட்டத்துக்குள் தவறு செய்தால் நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு) பின்கோட்டிலிருந்து பந்தைத் தள்ளி புஷ் கொடுப்பவர், பந்தை நிறுத்துபவர், ஃபிளிக் அடிப்பவர் (பந்தை ஸ்டிக்கால் இழுத்துக் கோலுக்கு எறிபவர்), எதிரணியின் கார்னருக்கு முதல் ஆளாகப் பாய்பவர் (ரஷ்ஷர்), பின்னாலிருந்து நீளமாக ஸ்கூப் போடுபவர் (பந்தை உயரத் தூக்கி அனுப்புபவர்), பந்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் திருப்பிவிடும் சென்டர் ஹாஃப், ஷூட்-அவுட்டுக்கு (ஆட்டம் சமனானால் கீப்பரை ஒற்றைக்கு ஒற்றையாகச் சந்திப்பது) ஐந்து பேர். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே குறைந்தது இரண்டு பெயர் விழ வேண்டும். ஒரே பையன் பெயர் மூன்று வேலைகளில் வந்தால் அவன் தங்கம். ஒரு வேலைக்கு ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறதென்றால் உங்கள் அணியின் ஓட்டை அங்கேதான்.

பொதுவாக 18 பேரில் 2 கீப்பர், 5 பேக் (தடுப்பாட்டக்காரர்), 6 நடு ஆட்டக்காரர், 5 ஃபார்வேர்டு சரியாக வரும். உங்கள் ஒன்பது ஃபார்வேர்டில் பந்து போனதும் திரும்பி ஓடி வருகிறவன் ஒருவனாவது இருப்பான். அவனை ஓர ஹாஃபாக மாற்றிப் பாருங்கள். ஐந்து பேருக்கு மேல் மிஞ்சுகிறவர்கள் எத்தனை கோல் அடித்திருந்தாலும் வெளியேதான்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 16 பேருக்குத்தான் இடம். இந்தியா 1 கீப்பர், 5 பேக், 5 நடு, 5 ஃபார்வேர்டு என்று போனது. ஸ்ரீஜேஷ் ஒருவரே கீப்பர். இன்னொரு கீப்பரான கிரிஷன் பாடக் மாற்று ஆட்டக்காரர் பட்டியலில் இருந்தார். அவ்வளவு நெருக்கடியிலும் ஐந்து பேக்கைக் குறைக்கவில்லை. ஏனென்றால் அந்த ஐவரில்தான் ஹர்மன்பிரீத் சிங், அமித் ரோஹிதாஸ் என்று ஃபிளிக் அடிக்கிற இருவர் இருந்தார்கள்.

பாளையங்கோட்டை: எங்க டிராக் ஃபிளிக்கர் கார்னர்ல நல்லா அடிப்பான். ஆனா ஆட்டத்துல ரொம்ப மெதுவு. ஃபுல்பேக்கா நின்னா விங் ஆளு தாண்டிப் போயிருதான். இவனுக்காக ஓர் இடத்தை ஒதுக்கணுமா?

பதில்: இதை வாய்ச்சண்டையில் தீர்க்க முடியாது, நோட்டை எடுங்கள். கடைசிப் பத்து ஆட்டத்தில் கிடைத்த கார்னர் எத்தனை, அதில் விழுந்த கோல் எத்தனை, அவன் பக்கமாக வந்து வாங்கிய கோல் எத்தனை? நாலு கார்னருக்கு ஒரு கோல் போடுகிறானென்றால் அவன் மெதுவாக ஓடினாலும் வைத்துக்கொள்ளுங்கள். பத்துக்கு ஒன்று என்றால் பேச்சே வேண்டாம்.

ஆனால் அவனைக் குறை சொல்லும் முன் புஷ்ஷையும் ஸ்டாப்பையும் பாருங்கள். புஷ் கொடுப்பவர் கோல்போஸ்டிலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் நிற்கிறார். பந்து 14.63 மீட்டர் வட்டத்தை விட்டு வெளியே போன பிறகுதான் கோலுக்கு அடிக்க முடியும். புஷ் தொடங்கி ஃபிளிக் கிளம்பும் வரை எல்லாம் இரண்டு விநாடிக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் ரஷ்ஷர் ஸ்டிக்கை நீட்டியபடி முன்னால் வந்து நிற்பார். புஷ் ஓர் அடி விலகினால் ஸ்டாப்பர் நகர வேண்டும், ஸ்டாப்பர் நகர்ந்தால் ஃபிளிக்கரின் காலடி எண்ணிக்கை கெடும். கோல் தவறியதும் பழி மட்டும் ஃபிளிக்கர் தலையில். பயிற்சியில் புஷ் கொடுப்பவருக்குத் தனியாக 50 பந்து கொடுங்கள். ஸ்டாப்பர் நகராமல் வாங்கக்கூடியதாக 40 வராவிட்டால் ஃபிளிக் பயிற்சிக்கே போகாதீர்கள்.

சரள் மண் தரையில் டிராக் ஃபிளிக்கை நம்ப வேண்டாம். பந்து ஸ்டிக்கோடு உருளாமல் துள்ளும். அங்கே நேரடி ஹிட்தான் லாபம். முதல் அடி ஹிட்டாக இருந்தால் கோல்கோட்டைத் தாண்டும்போது 460 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் போகக்கூடாது, அதாவது பின்பலகை உயரம். ஃபிளிக்குக்கு அந்த வரம்பு இல்லை. பலகையில் டமாரென்று சத்தம் கேட்கிற மாதிரி அடிக்கப் பழக்குங்கள்.

மெதுவான பேக்கை ஓரத்தில் நிறுத்தாதீர்கள். நடுவில் வைத்து, பக்கத்தில் வேகமான ஒருவனை ஜோடி போடுங்கள்.

அம்பாசமுத்திரம்: கார்னர் கிடைச்சதும் ஃபிளிக்கரை உள்ளே இறக்கிக்கிட்டா போதாதா?

பதில்: முடியாது. கார்னர் கொடுத்த நேரத்திலிருந்து அது முடிகிற வரை ஆள் மாற்றம் கிடையாது. காயம் பட்ட அல்லது கார்டு வாங்கிய கீப்பருக்கு மட்டும் விலக்கு. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஃபிளிக்கர் கைதட்டத்தான் ஆவார். ஆள் மாற்றும் அட்டவணையை ஃபிளிக்கரிலிருந்து தொடங்கி எழுதச் சொல்வது இதனால்தான்.

4-3-3 ஆடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கால்பகுதி 15 நிமிடம். ஃபார்வேர்டு இடம் மூன்று, ஆள் ஐந்து. ஆளுக்கு 9 நிமிடம் வரும். நாலரை நிமிடம் ஆட்டம், மூன்று நிமிடம் ஓய்வு என்று சுற்றினால் கடைசிக் கால்பகுதியிலும் வேகம் இருக்கும். நடுவில் மூன்று இடத்துக்கு ஆறு பேர் என்றால் ஆளுக்கு ஏழரை நிமிடம். பேக் நாலு இடத்துக்கு ஐந்து பேர், 12 நிமிடம். முதல் ஃபிளிக்கர் வெளியே வரும் மூன்று நிமிடம் இரண்டாம் ஃபிளிக்கர் கட்டாயம் உள்ளே. இதை அட்டையில் எண் போட்டு எழுதி, பெஞ்சில் ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். மூன்று பேர் ஆள் மாற்றினால் உள்ளே பன்னிரண்டு பேர் ஆடிக்கொண்டிருப்பார்கள். வெளியே வருபவர் நடுக்கோட்டிலிருந்து 3 மீட்டருக்குள் வெளியேறிய பிறகுதான் அடுத்தவர் அதே இடத்தில் நுழையலாம்.

திருநெல்வேலி டவுன், ரசிகர்: தமிழ்நாடு டிராகன்ஸ் ஏலத்துல வெளிநாட்டுக்காரனுக்குக் கோடி கோடியா கொட்டுதாங்க. நம்ம பயலுகளை ஏன் எடுக்க மாட்டேங்காங்க?

பதில்: கோடி கோடியாக இல்லை, ஹாக்கி இந்தியா லீக்கின் 2024 அக்டோபர் ஏலத்தில் ஓர் ஆடவர் அணி செலவழிக்கக்கூடிய மொத்தப் பையே 4 கோடிதான். அதில் ஒவ்வோர் அணியும் 24 பேரை எடுக்க வேண்டியிருந்தது. குறைந்தது 16 இந்தியர், அதில் 4 ஜூனியர் கட்டாயம், வெளிநாட்டவர் 8. டிராகன்ஸ் நெதர்லாந்து ஃபிளிக்கர் ஜிப் யான்சனுக்கு 54 லட்சம், ரோஹிதாஸுக்கு 48 லட்சம், அயர்லாந்து கீப்பர் டேவிட் ஹார்ட்டுக்கு 32 லட்சம் கொடுத்தது. கூட்டினால் 1 கோடியே 34 லட்சம். மீதி 21 பேருக்கு 2 கோடியே 66 லட்சம், தலைக்குச் சராசரி 12 லட்சத்துச் சொச்சம்.

வாங்கிய மூன்று பேரையும் பாருங்கள்: கார்னர் அடிப்பவர், கார்னரைத் தடுக்கப் பாய்பவர், கீப்பர். ஆட்டத்தில் கோல் விழுகிற இடமும் விழாமல் தடுக்கிற இடமும் இவைதான். முதுகெலும்பை வாங்கிவிட்டு மீதியைச் சில்லறையில் சேர்த்தார்கள். என் கணக்கில் இது நல்ல வியாபாரம். ஹர்மன்பிரீத்துக்கு சூர்மா அணி 78 லட்சம் கொடுத்ததும் இதே காரணத்துக்குத்தான். ஃபார்வேர்டு பத்துப் பேர் கிடைப்பான், கார்னரை கோலாக்குகிறவன் கிடைக்க மாட்டான். நம்ம பயலுகள் ஏலத்தில் விலை போக வேண்டுமென்றால் டாட்ஜ் பண்ணக் கற்றது போதும், இந்த மூன்று வேலைகளில் ஒன்றைக் கற்கட்டும்.

தென்காசி, ரசிகர்: பாரிஸ் அரையிறுதியில ரோஹிதாஸ் இல்லாததாலதான் ஜெர்மனிகிட்ட தோத்தோம்னு எங்க செட்டுல ஒரே விவாதம். உண்மையா?

பதில்: பாதி உண்மை. காலிறுதியில் பிரிட்டனுக்கு எதிராக 17-ஆம் நிமிடம் சிவப்பு கார்டு வாங்கினார். 40 நிமிடத்துக்கும் மேல் பத்துப் பேரோடு ஆடி 1-1 என்று பிடித்து, ஷூட்-அவுட்டில் 4-2 என்று ஜெயித்தார்கள். அப்போது நடு ஆட்டக்காரரான மன்பிரீத் பின்வரிசைக்கு இறங்கினார். அணியில் இரண்டு வேலை தெரிந்த ஒருவர் இருந்தால் என்ன லாபம் என்பது அன்றைக்குத் தெரிந்தது.

அரையிறுதியில் தடையால் ரோஹிதாஸ் ஆடவில்லை. 2-3 என்று தோல்வி. ஜெர்மனியின் மூன்று கோலில் ஒன்று பெய்லாட் கார்னரில் அடித்தது. முதல் ரஷ்ஷர் இல்லாத குறை அதில் உண்டென்று வாதாடலாம். இன்னொன்று பெனால்டி ஸ்ட்ரோக் (கீப்பரை மட்டும் எதிரே வைத்து அடிப்பது). மூன்றாவது, ஆட்டம் முடியச் சுமார் ஆறு நிமிடம் இருக்கும்போது மில்ட்காவ் அடித்த ஃபீல்டு கோல். அதற்கு ரோஹிதாஸைக் காரணம் காட்டுவது கஷ்டம். எனக்குப் பட்டது வேறு: நம் பக்கம் ரோஹிதாஸ் இரண்டாம் ஃபிளிக்கரும்கூட. அவர் இல்லையென்றதும் எதிரணி ஹர்மன்பிரீத் ஒருவரை மட்டும் குறி வைத்துப் பாய்ந்தால் போதும். தடுப்பாட்டத்தைப் பற்றியே பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

கயத்தாறு, உடற்கல்வி ஆசிரியர்: தேர்வுக்கு 60 பசங்க வாராங்க, கையில இரண்டு மணி நேரம்தான். எப்படிப் பார்க்கிறது?

பதில்: சார், வரிசையில் நிற்க வைத்துக் கூம்பு சுற்றி ஓடவிடாதீர்கள். கூம்பு யாரையும் டேக்கிள் பண்ணாது. ஐந்து ஐந்து பேராக 12 அணி பிரியுங்கள். மைதானத்தின் இரண்டு முனையிலும் 23 மீட்டர் கோட்டுக்குள் இரண்டு சிறு ஆட்டம் ஒரே நேரத்தில், எட்டு நிமிடம். ஆறு ஆட்டமும் முடிய அரை மணி நேரம். பிறகு அணிகளைக் கலைத்து மாற்றி இன்னொரு சுற்று, மறுபடி கலைத்து மூன்றாவது சுற்று. யாரோடு சேர்த்தாலும் ஜெயிக்கிற பையன் பெயர் தானாக மேலே வரும்.

பார்க்கிற மூன்று பேருக்கு மூன்று வேலை கொடுங்கள். ஒருவர் முதல் தொடுகையை மட்டும்: பந்து ஸ்டிக்கில் பட்டு ஓர் அடிக்குள் நிற்கிறதா? இன்னொருவர், பந்து வருவதற்கு முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறானா என்பதை. மூன்றாமவர், பந்தை இழந்த அடுத்த மூன்று விநாடி என்ன செய்கிறான் என்பதை. இடுப்பில் கை வைத்து நிற்கிறவன் யாரானாலும் கழித்துவிடலாம். கீப்பர்களைத் தனியாகப் பாருங்கள். பிறப்புச் சான்றிதழை முதலிலேயே வாங்கிப் பார்த்துவிடுங்கள். கடைசியில் பார்த்தால் உங்கள் நல்ல ஆள்தான் வயது தாண்டியவனாக இருப்பான்.

எட்டயபுரம்: சரள் மண்ணுல ஆடி வளர்ந்த பையன் டர்ஃபுக்கு (செயற்கைப் புல் தரை) போனா ஏன் தடுமாறுதான்?

பதில்: மண்ணில் பந்து எங்கே துள்ளுமென்று தெரியாததால் கை சுறுசுறுப்பாகும், ஆனால் உடம்பு நிமிர்ந்தே நிற்கும். டர்ஃபில் பந்து இரட்டிப்பு வேகத்தில் தரையோடு வருகிற மாதிரித் தோன்றும். முழங்காலை மடக்கி, ஸ்டிக்கைத் தரையில் படுக்க வைத்து வாங்க வேண்டும். டேக்கிளும் அப்படியே, படுத்த ஸ்டிக். நிறுத்திவிட்டுப் பிறகு பார்ப்போம் என்கிற பழக்கம்தான் பெரிய தொல்லை. அங்கே நிறுத்தும்போதே அடுத்த பாஸ் முடிவாகியிருக்க வேண்டும்.

டர்ஃப் கிடைக்காத ஊரில் வழவழப்பான சிமெண்ட் கூடைப்பந்துத் தளத்தில் வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், வாங்கிக் கொடுக்கிற பயிற்சி மட்டும் செய்யுங்கள். போட்டிக்கு முன் மூன்று நான்கு நாளாவது கோவில்பட்டி கிருஷ்ணா நகர் டர்ஃபில் ஆடவிடப் பாருங்கள். ஆணி வைத்த ஷூவைக் கழற்றிவிட்டுச் சிறு குமிழ் அடி உள்ளது வாங்குங்கள். கோவில்பட்டி மாரீஸ்வரனும், அந்த ஊர் விடுதியில் பயிற்சி பெற்ற அரியலூர் கார்த்தி செல்வமும் 2022 ஆசியக் கோப்பையில் ஒன்றாக இந்திய அணிக்கு அறிமுகமானார்கள். கார்த்தி முதல் ஆட்டத்திலேயே பாகிஸ்தானுக்கு எதிராக கோல் அடித்தார். திறமைக்கு இங்கே பஞ்சமில்லை, தரைதான் பஞ்சம்.

வள்ளியூர்: ஒரு பய பந்தை வச்சுக்கிட்டே ஆடுதான், யாருக்கும் கொடுக்கமாட்டான். திருத்த முடியுமா?

பதில்: எந்த இடத்தில் வைத்துக்கொள்கிறான் என்று பாருங்கள். எதிரணியின் வட்டத்துக்குள் என்றால் விடுங்கள், கார்னர் வாங்கித் தருவான். நம் 23 மீட்டருக்குள் என்றால் உடனே வெளியே கூப்பிடுங்கள்.

சங்கரன்கோவில், ஆசிரியை: பெண்கள் அணிக்கு மொத்தம் 13 பேர்தான் தேறுகிறார்கள். ஒரே ஒரு கீப்பர்.

பதில்: டீச்சர், களத்தில் பத்து இடத்துக்குப் பன்னிரண்டு பேர். நடு பேக் இருவரையும் சென்டர் ஹாஃபையும் மாற்றவே வேண்டாம். மற்ற ஏழு இடத்தில் ஒன்பது பேரைச் சுற்றவிடுங்கள். முழு மைதானமும் துரத்தாமல் நடுக்கோட்டுக்குப் பின்னால் கூட்டமாக நின்று தடுங்கள். பச்சை கார்டு என்றால் 2 நிமிடம், மஞ்சள் குறைந்தது 5 நிமிடம் ஆள் குறையும். உங்களுக்கு அது தாங்காது. நடுவரிடம் வாயாடக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். பேக்காக ஆடும் ஒரு பெண்ணுக்கு வாரம் ஒருநாள் கீப்பர் உடையைக் கட்டிப் பழக்கிவையுங்கள்.

நாங்குநேரி: ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது கீப்பரை எடுத்துட்டுப் பதினொன்றாவது ஆளை எப்ப இறக்கணும்?

பதில்: சமமான எதிரணி என்றால் மூன்று நிமிடம் இருக்கும்போது. அவர்கள் களைத்திருந்தால் ஐந்து. பந்து நம் கையில், அவர்கள் பாதியில் இருக்கும்போது மட்டும் மாற்றுங்கள். உள்ளே வருபவர் சாதாரண ஆட்டக்காரர்தான். காலால் தடுக்கிற கீப்பர் சலுகை யாருக்கும் கிடையாது. அந்த நேரம் எதிரணிக்குக் கார்னர் கிடைத்தால் கீப்பரைத் திரும்ப இறக்க முடியாது. ஆகவே கார்னரைத் தடுக்கும் ஐவருக்கான முகக் கவசங்களையும் கோலுக்குப் பின்னால் முன்கூட்டியே வைத்துவிடுங்கள், கோட்டில் நிற்கப்போகிற இருவர் யார் என்பதையும் ஆட்டத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.