வெள்ளம் வடிந்த பிறகு எத்தனை நாள் கவனிக்க வேண்டும்?

கேள்வி: தாம்பரம் அருகே எங்கள் தெருவில் முழங்கால் அளவு நின்ற வெள்ளம் நான்காம் நாள் வடிந்தது. இரண்டு நாள் மருத்துவ முகாமும் முடிந்துவிட்டது. யாருக்கும் பெரிதாகக் காய்ச்சல் இல்லை. குடியிருப்போர் சங்கம் இன்னும் எதையாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: இனிமேல்தான் கவனிக்க வேண்டும். முகாம் நடந்த நாட்களில் பாதி நோய்கள் தலைகாட்டியே இருக்காது.

வயிற்றுப்போக்கு முந்திக்கொள்ளும், காலரா என்றால் சில மணி நேரத்திலிருந்து 5 நாளுக்குள் தெரிந்துவிடும். எலிச் சிறுநீர் கலந்த வெள்ளத்தில் இறங்கினால் தொற்றும் எலிக்காய்ச்சல் பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் வரும், 30 நாள்வரை தள்ளியும் போகலாம். மொட்டை மாடி வாளியில் தேங்கிய மழைநீரில் டெங்கு கொசு வளர ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அது கடித்த பின் காய்ச்சல் வர மேலும் 4 முதல் 10 நாள். ஹெபடைடிஸ் ஏ மஞ்சள் காமாலைக்குச் சராசரி 28 நாள், சிலருக்கு 50 நாள். அதற்குள் வெள்ளத்தையே எல்லாரும் மறந்திருப்பார்கள். ஆகவே ஏழு வாரம் கணக்கு வையுங்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, வீட்டு எண், வயது, என்ன உபாதை, எந்தத் தண்ணீர் குடித்தார் (நிலத்தடித் தொட்டியான சம்ப்பா, லாரியா, கேனா), வெள்ளத்தில் இறங்கினாரா. பெயர் வேண்டாம், ஊர் வாய்க்கு அவல் ஆகிவிடும். கடைசி இரண்டு கட்டங்களைத்தான் பலர் காலியாக விடுவார்கள், துப்பு கிடைப்பதோ அங்கேதான். ஒரே வாரத்தில் மூன்று வீடுகளில் வயிற்றுப்போக்கு, மூன்றும் சம்ப் தண்ணீர் குடித்த வீடுகள் என்றால் காத்திருக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ 104 எண்ணுக்கோ சொல்லுங்கள். சுகாதார ஆய்வாளர் வந்தால் தண்ணீரில் மிச்சக் குளோரினை, அதாவது கிருமி கொல்லச் சேர்த்ததில் எஞ்சி நிற்பதை, பார்க்கச் சொல்லுங்கள். வெள்ளக் காலத்தில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் இருப்பது நல்லது.

எனக்கு அதிகம் கவலை தருவது எலிக்காய்ச்சல். 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பின் கேரளத்தில் அது பரவியபோது, தண்ணீரில் இறங்கியவர்களுக்கு நோய் வராமல் தடுக்க வாரம் ஒருமுறை டாக்ஸிசைக்ளின் மாத்திரை கொடுத்தார்கள். அதைக் கேட்டு நீங்களாக மருந்துக்கடையில் வாங்கிவிடாதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது ஆகாது. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் இருந்தால் பாராசிட்டமாலோடு நாள் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள். "வெள்ளத்தில் நடந்தேன்" என்று நீங்களே சொல்லுங்கள். மூன்று வாரம் கழித்து அவருக்கு அது தோன்றாமல் போகலாம்.