கேள்வி நேரம்: மஞ்சள் தூளும் லேசர் பொறியும்

கேள்வி: மஞ்சள் தூளில் நிறத்துக்காகக் கலக்கும் லெட் குரோமேட்டை (காரீயமும் குரோமியமும் அடங்கிய மஞ்சள் நிறமி) லேசர் பிளாஸ்மா நிறமாலையில் பிடிக்க முடியுமா? எங்கள் கல்லூரியில் 1064 நானோமீட்டர் லேசர் உண்டு. ஆனால் அடித்தால் தூள் பறக்கிறது, ஒவ்வொரு தடவையும் வேறு அளவு வருகிறது. – வாசகர், ஈரோடு

பதில்: முடியும். லேசர் அடித்த இடத்தில் எழும் பொறியின் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து, அதிலுள்ள தனிமங்களைக் கண்டறியும் முறை இது. தூளைத் தூளாகவே வைத்து அடிப்பதுதான் சிக்கல். முதல் பல்ஸின் (லேசர் துடிப்பின்) அதிர்வலையே குழி பறித்துவிடும். அடுத்த பல்ஸுக்குக் குவியம் அந்தரத்தில் நிற்கும். ஈரம் போக உலர்த்தி, 75 மைக்ரான் சல்லடையில் சலித்து, அரை கிராமை 13 மில்லிமீட்டர் டையில் (அழுத்தும் அச்சில்) 5 டன் கொடுத்து வில்லையாக்குங்கள்.

குவியத்தை வில்லையின் பரப்புக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே வையுங்கள். மேலே இருந்தால் காற்றே பொறிந்துவிடும்; 777 நானோமீட்டரில் ஆக்சிஜன் ஓங்கி நிற்க, மற்றதெல்லாம் மங்கினால் அதுதான் காரணம். பொறியின் தொடக்கத்தில் வருவது வெறும் வெள்ளொளி. சுமார் 1 மைக்ரோநொடி கழித்தே டிடெக்டரைத் திறக்க வேண்டும். ஓரிடத்தில் முதல் ஐந்து பல்ஸைக் கழித்துவிட்டு, அடுத்த பத்தின் சராசரியை எடுத்து, வில்லையைத் திருப்பி வேறு இடத்தில் அடியுங்கள்.

இனி, பலர் ஏமாறும் இடம். காரீயத்தின் கோடு, அதாவது அது ஒளிரும் அலைநீளம், 405.78 நானோமீட்டர். மஞ்சளில் பொட்டாசியம் ஏராளம். அதன் கோடுகள் 404.41, 404.72. ஒரு நானோமீட்டர் பிரிதிறன் மட்டுமே உள்ள மலிவு ஸ்பெக்ட்ரோமீட்டரில் இரண்டும் ஒரே மேடாகத் தெரியும், சுத்தமான மஞ்சளும் குற்றவாளியாகிவிடும்! 0.1 நானோமீட்டராவது பிரிக்கும் கருவி வேண்டும். குரோமியத்துக்கு 425.43-ஐப் பாருங்கள்; 428.97-ஐ நம்பாதீர்கள், 428.94-இல் கால்சியம் உட்கார்ந்திருக்கிறது. காரீயமும் குரோமியமும் சேர்ந்தே கூடிக் குறைந்தால்தான் லெட் குரோமேட் என்று சந்தேகிக்கலாம்.

அளவுக்கோட்டை, அதாவது தெரிந்த அளவு லெட் குரோமேட்டுக்கு எவ்வளவு ஒளி வருகிறது என்று காட்டும் வரைகோட்டை, சுத்தமான மஞ்சளிலேயே கலந்து போடுங்கள். உப்பிலோ மாவிலோ போட்ட கோடு இங்கே செல்லாது. எடையில் 1 சதவீத லெட் குரோமேட் என்றால் காரீயம் 0.64 சதவீதம். சில பிபிஎம் (பத்து லட்சத்தில் சில பங்கு) அளவுக்கு இந்த முறை போதாது, ஐசிபி-எம்எஸ் (அயனிகளை நிறைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவி) தேவை. லெட் குரோமேட் நஞ்சு: கையுறை, முகக்கவசம், ஆய்வகப் புகை உறிஞ்சும் பெட்டி மூன்றும் அவசியம். 1064 நானோமீட்டர் கண்ணுக்குத் தெரியாத ஒளி. அந்த அலைநீளத்துக்கான பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் அறைக்குள் யாரும் இருக்கக் கூடாது.

கேள்வி: திரவத்தை நேரடியாக அடிக்கலாமா? – வாசகர், கோவை

பதில்: அடித்தால் லென்ஸ் மீதே தெறிக்கும், பொறியும் சீக்கிரம் அணையும். வடிதாளில் ஒரு சொட்டு விட்டு உலர்த்தி அடியுங்கள். திரவத்தில் கரைந்திருந்த உப்பு சொட்டின் விளிம்பில் வளையமாகப் படியும், அதனால் நடுவில் மட்டும் அடித்தால் குறைவாகக் காட்டும். விளிம்பிலிருந்து விளிம்புவரை வரிசையாக அடியுங்கள்.