உளவியலாளரின் அறிமுகக் குறிப்பில் வரும் சிபிடி, டிபிடி, இஆர்பி எல்லாம் என்ன?

அறிமுகக் குறிப்பை வைத்து ஒரு மருத்துவ உளவியலாளரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் படிப்பையும் உரிமத்தையும் பாருங்கள். இவர் மனநல மருத்துவர் அல்ல. பெரும்பாலான இடங்களில் மருந்து எழுதித் தர மாட்டார். பேச்சும் பயிற்சியும்தான் இவர் கருவிகள்.

அப்புறம் அந்தச் சுருக்கப் பெயர்கள். சிபிடி (CBT), எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை. 1960களில் மனநல மருத்துவர் ஆரன் பெக் உருவாக்கிய முறையிலிருந்து வளர்ந்தது. மனச்சோர்வு, பதற்றம் இரண்டுக்கும் பயன்படுகிறது. டிபிடி (DBT), உணர்ச்சிகளைக் கையாளும் திறன்களைப் பழக்கும் முறை; உளவியலாளர் மார்ஷா லினஹன் உருவாக்கியது. தன்னையே காயப்படுத்திக்கொள்ளும் அளவுக்கு உணர்ச்சி கொந்தளிப்பவர்களுக்கானது.

இஆர்பி (ERP), பயப்படுவதை நேரில் எதிர்கொண்டு, வழக்கமாகச் செய்வதைச் செய்யாமல் இருக்கப் பழக்கும் முறை. இது ஓசிடிக்கு (OCD), அதாவது வேண்டாத எண்ணங்கள் விடாமல் வந்து, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் பிரச்சினைக்கு. ஓயாமல் கை கழுவுபவர் கதவுக் கைப்பிடியைத் தொடுவார். உடனே குழாயடிக்கு ஓடாமல், சிகிச்சையாளர் பக்கத்தில் இருக்க, அந்தப் பதைப்போடு உட்கார்ந்திருப்பார். கழுவாமலேயே அதைத் தாங்க முடிகிறது என்பது மெல்லப் பிடிபடும். கேட்க எளிது, செய்வது லேசில்லை.

இருபது பிரச்சினைகளை அடுக்கி, எல்லாவற்றிலும் நிபுணர் என்று போட்டிருந்தால் நான் கொஞ்சம் யோசிப்பேன். "என் பிரச்சினைக்கு எந்த முறையில் வேலை செய்வீர்கள்?" என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவரிடம் தொடரலாம்.