பளபளப்பு மேலே, துரு கீழே: குளிர்காலத்துக்கு முன் கார் வைத்திருப்போரின் கேள்விகள்

கேள்வி: கார் டீடெய்லிங் (வண்டியை நுணுக்கமாகச் சுத்தம் செய்து பளபளக்க வைக்கும் வேலை) கற்றுக்கொள்ள ஆசை. இரண்டு நாள் வகுப்பில் சேர்வதா, பாலிஷ் மெஷின் வாங்கி வீட்டிலேயே பழகுவதா?

பதில்: மெஷினைக் கடைசியாக வாங்குங்கள். வெயிலில் சிலந்தி வலை போலத் தெரியும் மெல்லிய கீறல்களில் பெரும்பாலானவை கழுவும்போதும் துடைக்கும்போதும் விழுந்தவை. சரியாகக் கழுவத் தெரியாமல் பாலிஷ் போட்டால், அடுத்த சில கழுவலிலேயே அத்தனையும் திரும்பி வந்துவிடும். எனவே முதல் பாடம் வாளியும் துணியும்தான்.

இரண்டு வாளி வேண்டும், ஒவ்வொன்றும் 15 முதல் 20 லிட்டர். இரண்டின் அடியிலும் மண் தங்கும் சல்லடைத் தட்டு. ஒன்றில் ஷாம்பூ நீர், மற்றதில் வெறும் நீர். முதலில் குழாய் நீரால் வண்டியை நன்றாக நனைத்து, தளர்ந்த மண்ணை ஓடவிடுங்கள். பிறகு கூரையிலிருந்து கீழ்நோக்கி, ஒரு பகுதி கழுவியதும் கழுவும் கையுறையை வெறும் நீர் வாளியில் அலசிவிட்டு மறுபடி ஷாம்பூவுக்குப் போக வேண்டும். கதவின் கீழ்ப்பகுதிக்கும் சக்கரத்துக்கும் தனிக் கையுறை. ஷாம்பூவைப் புட்டியில் சொன்ன அளவுக்கு அளந்து ஊற்றுங்கள். கூடுதலாக ஊற்றினால் படிவம்தான் மிஞ்சும். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், மேலே இருக்கும் மெழுகுப் பூச்சை அது வலுவிழக்கச் செய்யும்.

துடைக்க 500 ஜி.எஸ்.எம்.முக்கு (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) மேலுள்ள பெரிய மைக்ரோஃபைபர் துண்டு. அழுத்தித் தேய்க்காமல், விரித்துப் போட்டு மெல்ல இழுத்தால் நீரை அதுவே குடித்துவிடும். மெழுகு துடைக்க 300 முதல் 400 ஜி.எஸ்.எம். போதும். இந்தத் துணிகளைப் பருத்தித் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், துணி மென்மையாக்கியும் ஊற்றாதீர்கள். இழைகளின் நுனி அடைபட்டால் அது நீரை உறிஞ்சாது. தரையில் விழுந்த துணி, துவைக்கும்வரை பெயின்ட் பக்கமே வரக்கூடாது.

வகுப்பு என்றால் பணம் கட்டுமுன் மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு மெஷினுக்கு எத்தனை பேர்? பழகுவதற்கு எனக்கென்று ஒரு பானட் கிடைக்குமா, பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா? பெயின்ட் தடிமன் அளக்கும் கருவியைக் கையில் கொடுப்பீர்களா? இரண்டாம் நாள் மாலை ஒரு பெட்டி நிறையப் பொருளை விற்பதற்காகவே நடக்கும் வகுப்புகளும் உண்டு. சான்றிதழ் முக்கியம் என்றால், இன்டர்நேஷனல் டீடெய்லிங் அசோசியேஷன் அறிவுத் தேர்வும் தனியாகச் செய்முறைத் தேர்வும் நடத்துகிறது. பயிற்சிக் கடை தானே அச்சடித்துக் கொடுக்கும் தாள் வேறு, அது வேறு.

வகுப்புக்குப் போனாலும் போகாவிட்டாலும், பழைய இரும்புக் கடையிலிருந்து கறுப்பு அல்லது கருநீல பானட் ஒன்றை வாங்கி வையுங்கள். இருண்ட நிறத்தில் தவறு மறையாது. டேப் ஒட்டி நான்கு கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பேட் (மெஷினில் மாட்டும் மெத்தை), ஒரு பாலிஷ் என்று மாற்றிப் பாருங்கள்.

கேள்வி: விலை குறைவாகக் கிடைத்ததால் ரோட்டரி மெஷின் வாங்கினேன். நிழலில் கண்ணாடி மாதிரி இருக்கிறது. வெயிலில் பானட் முழுக்க ஒளிக்கோடுகள் அலை அலையாக ஓடுகின்றன.

பதில்: அதை ஹோலோகிராம் என்பார்கள். ரோட்டரி ஒரே அச்சில் சுழல்கிறது, அதனால் பேட் போன பாதை அப்படியே கோடாகப் பதிந்துவிடுகிறது. அனுபவக் கை இல்லாவிட்டால் ஒரே இடத்தில் சூடேறி பெயின்ட்டையும் கெடுக்கும். கற்பவருக்கு ஏற்றது சுழன்றுகொண்டே ஆடும் டி.ஏ. மெஷின். இப்போதைய கோடுகளைப் போக்க, டி.ஏ. மெஷினில் மென்மையான ஃபோம் பேடும் நுண்ணிய ஃபினிஷிங் பாலிஷும் போதும். மறுபடி கரகரப்பான காம்பவுண்டைத் தொடாதீர்கள். பல கார்களில் நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற கிளியர் கோட் பூச்சு 35 முதல் 50 மைக்ரான்தான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒவ்வொரு முறையும் அதிலிருந்துதான் கொஞ்சம் போகிறது, போனது திரும்பாது.

மெஷினைத் தொடுமுன் பெயின்ட் சுத்தமா என்று பாருங்கள். மெல்லிய பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டி, கழுவிக் காய்ந்த பானட்டில் விரல் நுனியை ஓட்டுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் மணல் காகிதம் போலத் தெரியும். அப்படித் தெரிந்தால், ஒட்டிய அழுக்கை இழுத்தெடுக்கும் களிமண் போன்ற கிளே வேண்டும். ஒரு துண்டைத் தட்டையாக்கி, வழுக்கும் திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, நேர்கோட்டில் அழுத்தாமல் ஓட்டுங்கள். சத்தம் அடங்கும்போது பரப்பு சுத்தம். கிளே கீழே விழுந்தால் மனசைத் தேற்றிக்கொண்டு குப்பையில் போடுங்கள். அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், பானட்டை உழுதுவிட.

பிறகு பேடில் பட்டாணி அளவில் 4 சொட்டு பாலிஷ். ஒரு நேரத்தில் 40 முதல் 50 செ.மீ. சதுரம் மட்டும். குறைந்த வேகத்தில் பரப்பி, பின் 4 அல்லது 5ஆம் எண்ணுக்கு ஏற்றி, வினாடிக்கு 2 முதல் 3 செ.மீ. நகர்த்துங்கள். ஒவ்வொரு வரியும் முந்தைய வரியில் பாதியை மூட வேண்டும். முதலில் மேலும் கீழுமாக, பிறகு இடமும் வலமுமாக. பேட் மாட்டும் தட்டின் ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது அந்தக் கோடு சுற்றுவது தெரிய வேண்டும். கோடு நின்று நடுங்கினால் பேட் சுழலவில்லை, வெறுமனே அதிர்கிறது. நீங்கள் அதிகமாக அழுத்துகிறீர்கள் அல்லது சாய்த்துப் பிடிக்கிறீர்கள். புதியவர்களின் 'எவ்வளவு தேய்த்தும் கீறல் போகவில்லை' என்ற புலம்பலில் பாதி இந்த இடத்தில் முடிந்துவிடும்.

பானட்டின் விளிம்பும் மடிப்பும் பெயின்ட் மெலிந்த இடங்கள், அங்கே டேப் ஒட்டிவிடுங்கள். ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் பேடைத் தூரிகையால் சுத்தம் செய்யுங்கள். கடைசியில் நீரில் கலந்த ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை நிரப்பி மறைக்கும், துடைத்த பிறகு தெரிவதுதான் உண்மை நிலை. கடையில் பாலிஷ் போடக் கொடுத்தாலும் இந்தத் துடைப்பைச் செய்யச் சொல்லி, அதன் பிறகு வண்டியை வாங்குங்கள்.

கேள்வி: "9எச் செராமிக் கோட்டிங் போட்டால் கல் அடி, உப்பு, கீறல் எதுவும் அண்டாது" என்கிறார்கள். குளிர்காலத்துக்கு முன் போடலாமா?

பதில்: 9எச் என்பது பென்சில் கடினத்தன்மை அளவு. எந்தப் பென்சிலால் கோடு போட்டால் பூச்சு கீறுகிறது என்று பார்க்கும் சோதனை அது. வைரத்தை 10 என்று வைக்கும் கனிம அளவுகோலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'எச்' எழுத்தைச் சின்னதாகப் போட்டு 9ஐப் பெரிதாக அச்சடிப்பதன் சூட்சுமம் புரிகிறதல்லவா? பூச்சின் தடிமன் ஒரு மைக்ரான் அளவில்தான். பறந்து வரும் கல்லை அது என்ன செய்துவிடும்? கல் அடிக்குப் பயன்படுவது 150 முதல் 200 மைக்ரான் தடிமனுள்ள பெயின்ட் பாதுகாப்புப் படலம். அதையும் பானட்டின் முன்பகுதிக்கும் பம்பருக்கும் மட்டும் ஒட்டினால் போதும்.

செராமிக்கின் உண்மையான பலன் வேறு. சேறும் உப்பும் கெட்டியாகப் பிடிக்காது, கழுவுவது எளிதாகும். அதற்காகப் போடுவதானால் போடுங்கள், ஆனால் உறைகுளிர் வருமுன். காய்வதற்கு மிதமான வெப்பமும் ஈரமில்லாத இடமும் வேண்டும். முதல் சில நாட்கள் நனையக்கூடாது. கடையில் கேட்க வேண்டியவை: விலையில் பாலிஷ் சேர்த்தியா, பெயின்ட் தடிமனை முன்னும் பின்னும் அளந்து எழுதித் தருவார்களா, வாரன்டி நிலைக்க ஆண்டுதோறும் காசு கொடுத்துப் பரிசோதனை செய்ய வேண்டுமா. கடைசிக் கேள்விக்குப் பலர் பதிலை மென்று விழுங்குவார்கள்.

ஒரே ஒரு குளிர்காலம் கடந்தால் போதும் என்பவருக்கு, மெழுகு போலப் பூசும், சில மாதம் தாங்கும் பெயின்ட் சீலன்ட்டே கணக்குக்குச் சரியாக வரும். அதையே ரிம்மிலும் பூசலாம்.

கேள்வி: ஒரு வாரக் கடைசிதான் இருக்கிறது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: அடியிலிருந்து. மேலே இருக்கும் பெயின்ட் பல அடுக்குப் பாதுகாப்போடு வருகிறது, உப்பு தின்பது கீழே.

பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு பெரும்பாலும் சோடியம் குளோரைடு. அது சுமார் மைனஸ் 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சரியாக வேலை செய்யாததால் கால்சியம், மெக்னீசியம் குளோரைடுகளையும் சேர்க்கிறார்கள். இவை காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். சாலை காய்ந்து கிடந்தாலும் அடியில் ஒட்டியது ஈரமாகவே இருக்கும். உறைந்து கிடக்கும் வண்டியைவிட, உப்புப் பனியோடு வந்து வெதுவெதுப்பான கராஜில் நிற்கும் வண்டி வேகமாகத் துருப்பிடிப்பது இதனால்தான்.

சக்கர வளைவின் உள்விளிம்பில், பனியனை மடித்துத் தைத்தது போல ஒரு மடிப்பு இருக்கும். கையுறை போட்டு விரலால் தடவுங்கள். இலைச் சருகும் மண்ணும் இறுகிக் கிடக்கும். உப்பு நீரைப் பஞ்சு போலப் பிடித்து வைத்திருப்பது அதுதான், பின்சக்கர வளைவில் துரு முதலில் கொப்பளிப்பதும் அங்கேதான். ஊறவைத்து, தூரிகையால் கிளறி, நீர் தெளிவாக வரும்வரை அடியுங்கள். அடுத்து கதவின் அடிவிளிம்பில் உள்ள வடிகால் துளைகள். அடைத்திருந்தால் பிளாஸ்டிக் கேபிள் டையின் நுனியால் குத்துங்கள், கம்பி வேண்டாம். முன்கண்ணாடிக்குக் கீழே சேர்ந்த சருகையும் அள்ளிவிடுங்கள்.

ரிம்முக்கு இரும்புத் துகள் நீக்கி. பிரேக் தூளில் பட்டதும் ஊதா நிறமாக வழியும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் காயவிடாமல் சில நிமிடத்தில் அலசுங்கள். சூடான ரிம்மில் அடிக்கவே கூடாது.

அதன் பிறகுதான் மேல்பகுதி. கல் பட்டுத் தெறித்த புள்ளிகளை ஆல்கஹாலால் துடைத்து, டச்-அப் பெயின்ட்டை மெல்லிய இரண்டு மூன்று பூச்சாக வையுங்கள். ஒரே பூச்சாகக் குவித்தால் மேடு தட்டும், உள்ளே காயாது. கிளே, சீலன்ட் எல்லாம் மறுநாள். கதவு ரப்பரில் சிலிக்கான் பூசினால் காலையில் கதவு ஒட்டிக்கொள்ளாது. பெட்ரோலியம் கிரீஸ் வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். கண்ணாடி கழுவும் தொட்டியில் கோடைக்கு ஊற்றிய நீர் இருந்தால் தீர்த்துவிட்டு, உறையாத திரவத்தை ஊற்றி, குழாய் முழுக்கப் போகும்வரை அடித்துப் பாருங்கள். தொட்டியை மட்டும் நிரப்பிவிட்டால் குழாயில் நிற்கும் பழைய நீர் உறைந்து பம்ப்பையே உடைக்கும்.

கேள்வி: அடியில் கறுப்பு ரப்பர் பூச்சு அடித்தால் துரு வராதாமே?

பதில்: புத்தம் புதிய, காய்ந்த தகடானால் பரவாயில்லை. ஏற்கெனவே துரு தொட்ட இடத்தில் அடித்தால், தோலுக்கு உள்ளே சீழ் வைத்த கதைதான். பூச்சு வெடித்து, நீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் தகட்டைத் தின்னும். நாம் பார்ப்பது கறுப்புத் தோலை மட்டும். பழைய வண்டிக்கு லனோலின் (ஆட்டு ரோமத்து மெழுகு) அல்லது மெழுகு அடிப்படையிலான, ஊர்ந்து போகும் வகைப் பூச்சு நல்லது. ஆண்டுதோறும் மறுபடி அடிக்க வேண்டும், கொஞ்சம் பிசுபிசுக்கும். பிரேக் டிஸ்க், காலிபர், புகைக்குழாய், சென்சார், வடிகால் துளை இவற்றில் படாமல் மறைத்துத்தான் அடிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பேட்டரி மாற்ற வேண்டுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: வண்டி ஓடி நின்று சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வையுங்கள். 12.6 வோல்ட் என்றால் நிறைந்திருக்கிறது, 12.4 முக்கால், 12.2 பாதி. சார்ஜ் போட்டும் ஓரிரு நாளில் இறங்கினால் கடையில் லோடு டெஸ்ட் (சுமை கொடுத்துப் பார்க்கும் சோதனை) செய்யுங்கள். மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் திறன் பாதிக்கும் கீழே போய்விடும், எஞ்சினோ அப்போதுதான் அதிகம் கேட்கும். வாங்கும்போது கோல்டு கிராங்கிங் ஆம்ப் எண் (குளிரில் எஞ்சினைக் கிளப்பத் தரும் மின்னோட்டம்), வண்டிக்குச் சொன்னதற்குக் குறையக்கூடாது. முழுக்க இறங்கிய பேட்டரி பூஜ்யத்துக்குச் சில டிகிரி கீழேயே உறைந்துவிடும். உறைந்ததற்கு வேறு வண்டியிலிருந்து ஜம்ப் கொடுக்காதீர்கள், வெடிக்கும் அபாயம் உண்டு.

கேள்வி: கூலன்ட்டை நீர் கலக்காமல் அப்படியே ஊற்றினால் இன்னும் பாதுகாப்புதானே?

பதில்: எதிர்மாறு. பாதி எத்திலீன் கிளைக்கால், பாதி காய்ச்சி வடித்த நீர் என்றால் சுமார் மைனஸ் 37 டிகிரிவரை தாங்கும். கலக்காத கிளைக்கால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையும்.

கேள்வி: பனி டயர் முன்சக்கரத்துக்கு மட்டும் போட்டால் போதுமா?

பதில்: போதாது. முன்னே பிடித்து, பின்னே வழுக்கினால் வளைவில் வண்டி சுழலும். நான்குமாக மாற்றுங்கள். பக்கச் சுவரில் மூன்று சிகரத்துக்குள் பனித்துகள் முத்திரை இருக்கிறதா பாருங்கள். வெறும் எம்-எஸ் (சேறு, பனி) எழுத்து அந்தச் சோதனையைக் கடந்ததற்கு அடையாளம் அல்ல. அதே சுவரில் DOT என்று தொடங்கும் டாட் குறியீட்டின் கடைசி நான்கு எண், தயாரான வாரமும் ஆண்டும்: 3523 என்றால் 2023இன் 35ஆம் வாரம். பள்ளம் 4 மி.மீ.க்குக் கீழே தேய்ந்தால் பனியில் பிடிமானம் போய்விட்டது. வெப்பம் ஒவ்வொரு 5 முதல் 6 டிகிரி இறங்கும்போதும் காற்றழுத்தம் ஏறக்குறைய 1 பி.எஸ்.ஐ. இறங்கும். ஆகவே குளிர்ந்த டயரில், காலையில் அளவிடுங்கள்.

கேள்வி: உறைகுளிரில் வண்டியைக் கழுவலாமா? உப்பு கம்பளத்தில் வெள்ளையாகப் படிந்துவிட்டது, அதற்கு என்ன?

பதில்: பூஜ்யத்துக்கு மேலே ஏறும் நாள் வரும்வரை பொறுத்து, நண்பகலில் கழுவுங்கள். அடிப்பக்கத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். கதவு விளிம்பையும் ரப்பரையும் காயத் துடைத்து, கதவுகளை இரண்டு மூன்று தடவை திறந்து மூடுங்கள். முன்கண்ணாடிப் பனிக்கட்டிமேல் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். கண்ணாடியைச் சுரண்டும் பிளாஸ்டிக்கைப் பெயின்ட்டில் வைக்கக்கூடாது.

கம்பளத்துக்கு முதலில் காய்ந்த உப்பைத் தூரிகையால் கிளறி வாக்குவம் செய்யுங்கள். வெள்ளை வினிகரும் வெதுவெதுப்பான நீரும் சம அளவில் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் விட்டு, வெள்ளைத் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் உப்பு நீர் அடியில் உள்ள பஞ்சுக்கு இறங்கும், காய்ந்ததும் மறுபடி மேலே ஏறி வரும். இரண்டு மூன்று முறை ஒற்றி, கடைசியில் வெறும் நீரால் ஒருமுறை ஒற்றுங்கள். மிதியடியை வெளியே எடுத்து, ஹீட்டரைக் காலுக்குத் திருப்பி, உள்ளே காற்றைச் சுற்றவிடும் பொத்தானை அணைத்து வைத்தால் ஈரம் வெளியே போகும்.