தாய்லாந்தில் கேமராவுடன்: கோயிலில் உட்காருங்கள், சந்தையில் முதலில் வாங்குங்கள்

கேள்வி: வரும் ஜனவரியில் மனைவியுடன் ஒரு வாரம் தாய்லாந்து செல்கிறேன். பாங்காக், அயுத்தயா, சியாங் மாய் என்று திட்டம். 18-55 லென்ஸ் பொருத்திய மிரர்லெஸ் கேமராவும் கைப்பேசியும் இருக்கின்றன. புத்தர் கோயில்களுக்குள் படம் எடுக்கலாமா? தெருவிலும் சந்தையிலும் மக்களைக் கேட்காமல் எடுப்பது சரியா? தங்கச் சிலைகள் என் படங்களில் வெறும் மஞ்சள் திட்டாகவே விழுகின்றன; அதற்கு என்ன வழி? பெரிய ஜூம் லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமா? - ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: முதலில் கோயில். மூலவர் முன் கேமராவை எடுத்தாலே தடுக்கும் ஊரிலிருந்து போகிற நமக்குத் தாய்லாந்து ஆச்சரியமாக இருக்கும். பெரும்பாலான கோயில்களில் பிரதான புத்தர் சிலைக்கு நேர் எதிரே உட்கார்ந்து படம் எடுக்கலாம். விதிவிலக்குகளை வாசலிலேயே எழுதி வைத்திருப்பார்கள். அவற்றில் முக்கியமானது பாங்காக் அரண்மனை வளாகத்தின் வாட் ப்ரா கேவ் ('வாட்' என்றால் கோயில்). மரகத புத்தர் வீற்றிருக்கும் மண்டபத்துக்குள் கேமராவும் கூடாது, கைப்பேசியும் கூடாது. வடக்கே சியாங் ராய் வரை போவதாக இருந்தால், வெள்ளைக் கோயில் என்று பெயர்பெற்ற வாட் ரோங் குன்னின் உட்புறத்துக்கும் இதே விதிதான்.

மரகத புத்தரைக் கண்ணால் மட்டும் கும்பிட்டுவிட்டு, அந்த வளாகத்தின் சுற்றுப் பிராகாரத்துக்கு வாருங்கள். அங்கே படம் எடுக்கத் தடையில்லை. ராமகியென் எனப்படும் தாய்லாந்து ராமாயணம் 178 சுவர்ச் சித்திரங்களாக வளாகத்தையே சுற்றி ஓடுகிறது. மேலே கூரை, ஒரு பக்கம் திறந்த முற்றம் என்பதால் நண்பகலிலும் பக்கவாட்டிலிருந்து மென்மையான வெளிச்சம் வரும். வெண்ணிற அனுமனை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள். கூட்டம் பச்சைக்கூரைக்கும் பொன் கோபுரத்துக்கும் முண்டியடிக்கையில் இந்தப் பிராகாரம் ஓரளவு காலியாகவே கிடக்கும். அரை மணி நேரமாவது இங்கே செலவிடுங்கள். ஃப்ளாஷ் மட்டும் வேண்டாம். பழைய வண்ணங்களுக்கு அது கேடு.

உடை விஷயத்தில் அரண்மனைக் காவலர்கள் கறாரானவர்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். இது ஆண்களுக்கும் பொருந்தும். ஒவ்வொரு மண்டபத்துக்கும் காலணியைக் கழற்ற வேண்டியிருப்பதால் கயிறு கட்டும் ஷூவைத் தவிருங்கள். வாசற்படியை மிதிக்காமல் தாண்டிச் செல்ல வேண்டும்.

இனி, படத்தையே மாற்றிவிடக்கூடிய ஒரு பழக்கம். மண்டபத்துக்குள் நுழைந்ததும் கேமராவை எடுக்காதீர்கள். தாய்லாந்து மக்கள் உட்காருவதுபோல், பாதங்கள் சிலையை நோக்கி நீளாமல் கால்களைப் பின்பக்கம் மடித்துத் தரையில் உட்காருங்கள். புத்தர் முன் பாதத்தை நீட்டுவது அங்கே பெரிய அவமரியாதை. ஆனால் உட்காருவதில் மரியாதையைத் தாண்டியும் ஒரு காரியம் இருக்கிறது. அந்தச் சிலைகளின் இமைகள் தாழ்ந்திருக்கும். எதிரே தரையில் அமர்ந்து வணங்குபவரின் உயரத்துக்குத்தான் அந்தப் பார்வை இறங்குகிறது. நின்றபடி எடுத்தால் மூடிய இமைதான் பதிவாகும். உட்கார்ந்தால் முகம் உங்களைப் பார்க்கும். மிக அருகே உட்கார்ந்து அண்ணாந்து எடுத்தால் தூண்கள் உள்நோக்கிச் சாயும் என்பதால், பின்னே நகர்ந்து ஒரு தூண் ஓரமாக அமர்ந்துகொள்ளுங்கள். முன்னால் வணங்குபவர்களின் முதுகும் கூப்பிய கையும் படத்துக்குள் வரும். சிலை எவ்வளவு பெரியது என்பதும் அப்போதுதான் தெரியும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பது, பீடத்தில் ஏறுவது இரண்டையும் அறவே தவிருங்கள்.

மஞ்சள் திட்டு வருவதற்குக் காரணம் கேமராவின் ஒளி அளவீடு. மண்டபம் இருட்டாக இருப்பதால் கேமரா மொத்தப் படத்தையும் வெளிச்சமாக்கப் பார்க்கிறது. அதில் தங்கம் எரிந்துபோகிறது. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை -1 வரை இறக்கிப் பாருங்கள். மண்டபம் கறுத்து, மூக்கின் ஓரமும் விரல்களின் மடிப்பும் எழுந்து வரும். நிறத்தைத் தானே சரிசெய்யும் ஆட்டோ வொயிட் பேலன்ஸையும் நம்பாதீர்கள். பொன் நிறத்தைக் குறை என்று நினைத்துத் திருத்தப் பார்க்கும் அது. பகல் வெளிச்ச அமைப்பில் நிறுத்திவிட்டு, கேமரா பதப்படுத்தாத ரா ஃபைலாக எடுத்துவந்தால் மீதியை வீட்டில் சரிசெய்துகொள்ளலாம். பளிங்குக் கோயிலான வாட் பெஞ்சமபோபிட்டில் கணக்கு தலைகீழ். அங்கே இத்தாலியக் கராரா பளிங்கின் வெண்மை கேமராவை ஏமாற்றிப் படத்தைச் சாம்பலாக்கும், +0.7 அளவுக்கு ஏற்ற வேண்டும்.

வாட் போவில் சயன புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். மண்டபமோ சிலையைச் சுற்றிச் சட்டை தைத்ததுபோல் இறுக்கமானது. முழுச் சிலையையும் ஒரே படத்தில் அடக்கும் ஆசையை விட்டுவிடுங்கள். பாதங்களுக்குப் போங்கள். கறுத்த உள்ளங்கால்களில் முத்துச்சிப்பி இழைத்து 108 மங்கலச் சின்னங்கள் பதித்திருக்கிறார்கள். ஓர் அடி இடமும் வலமும் நகர்ந்தாலே சிப்பி வெள்ளையிலிருந்து ஊதாவுக்கும் பச்சைக்கும் மாறும். எந்தக் கோணத்தில் மின்னுகிறது என்று பார்த்துவிட்டு எடுங்கள். பிறகு சிலையின் முதுகுப்புறம். அங்கே சுவரோரம் 108 வெண்கலக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு காசு போட்டபடி மக்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், இடைவிடாத கணகணப்பு. கிண்ணங்களின் உயரத்துக்குக் குனிந்து, காசை விடும் விரல்களுக்காகக் காத்திருங்கள். ஷட்டர் வேகம் 1/125 நொடி, ஒளி உணர்திறனான ஐஎஸ்ஓ 3200. படத்தில் மணல்போன்ற புள்ளிகள் தெரியுமே என்று அஞ்ச வேண்டாம், அசைந்த படத்தைவிட அது எவ்வளவோ மேல்.

ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கும் வாட் அருணுக்குக் காலையில் போனால் கோபுரத்தின் பீங்கான் பூக்களில் வெயில் நேராக விழும். மாலையில் எதிர்க்கரையான தா தியென் பக்கம் நின்றால் கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் இறங்கும். இரண்டில் எது வேண்டும் என்று முன்கூட்டியே முடிவுசெய்துகொள்ளுங்கள்.

அயுத்தயா 1767-இல் பர்மியப் படையால் அழிந்த தலைநகர். அங்கே வாட் மகாதாட்டில் மரவேர்கள் தழுவிய புத்தர் தலையை எல்லோரும் எடுக்கிறார்கள், நீங்களும் எடுப்பீர்கள். அதனருகே நிற்பவர் தலை புத்தர் தலையைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும் என்பதால் குந்தி உட்காரச் சொல்வார்கள். குந்தினால் வேர்களின் முடிச்சும் முகத்தின் லேசான சாய்வும் நேர்மட்டத்தில் கிடைக்கும். தலையில்லாத சிலைகளின் பின்னால் நின்று தம் தலையைப் பொருத்திப் படம் எடுப்பவர்கள் உண்டு. அந்த மக்களின் மனத்தை இதைவிடப் புண்படுத்தும் செயல் வேறில்லை.

பிக்குகள் விடியலில் உணவு ஏற்க வெறுங்காலுடன் வருவதைப் பலரும் எடுக்க விரும்புகிறார்கள். ஜனவரியில் பாங்காக்கில் சூரியன் ஆறே முக்கால் வாக்கில் உதிக்கும். அதை ஒட்டிய நேரத்தில் தயாராக இருங்கள். பளிங்குக் கோயிலில் பிக்குகள் தெருத்தெருவாகப் போகாமல் வாசலருகே நிற்க, மக்களே உணவைக் கொண்டுவந்து தரும் வழக்கம் உண்டு. புதிதாக வருபவருக்கு அது வசதி. தெருவின் மறுபக்கத்திலேயே நில்லுங்கள். பிக்குகளின் முன்னால் பின்னடியாக நடந்தபடி எடுப்பதும் முகத்தில் ஃப்ளாஷ் அடிப்பதும் வழிபாட்டில் குறுக்கிடுவதற்குச் சமம். மறுபக்கத்திலிருந்து பார்த்தால் பிக்குவோடு மண்டியிட்ட பெண்மணியும் அவர் கழற்றி வைத்த செருப்பும் திறக்காத கடையின் கதவும் சேர்ந்து வரும். உங்கள் மனைவிக்கு ஒரு குறிப்பு: பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது. உணவை நேரே பாத்திரத்தில் வைத்துவிடலாம்; வேறு பொருள் எதையும் கையில் கொடுக்காமல், அவர் விரிக்கும் துணியின்மீது வைக்க வேண்டும்.

இப்போது மக்களைக் கேட்காமல் எடுப்பது பற்றி. தாய்லாந்தின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 ஜூன் 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. சொந்தப் பயன்பாட்டுக்கு எடுக்கும் படங்களை அது தடுப்பதில்லை. விளம்பரத்துக்கோ விற்பனைக்கோ என்றால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ஆனால் சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக ஒருவர் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டிவிட முடியாது. "தாய் ரூப் டாய் மை" என்றால் படம் எடுக்கலாமா என்று அர்த்தம். நீங்கள் இறுதியில் "க்ரப்" என்றும் மனைவி "கா" என்றும் சேர்த்துச் சொன்னால் மரியாதையாக இருக்கும். "மை டாய்" என்று பதில் வந்தால் புன்னகையுடன் கைகூப்பி நகர்ந்துவிடுங்கள். கெஞ்சக்கூடாது.

கேட்டால் எல்லோரும் விறைப்பாக நின்றுவிடுவார்களே என்று நீங்கள் தயங்கலாம். அதற்குத்தான் முதலில் வாங்கச் சொல்கிறேன். பாங்காக்கின் பூச்சந்தையான பாக் க்லோங் தலாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதும் திறந்திருந்தாலும் நள்ளிரவிலிருந்து விடியல் வரைதான் அதன் உச்சம். மாலை கட்டும் ஒருவரிடம் ஒரு சிறு மாலை வாங்கிக்கொண்டு, அனுமதி கேட்டுவிட்டு, ஓரமாக உட்காருங்கள். நீளமான ஊசியில் மல்லிகை மொட்டுகளைச் சுற்றிச் சுற்றிக் கோத்து ஏற்றுவார்; கீழே குஞ்சம்போல் தொங்கும் வெண்மொட்டு நம் எருக்கம்பூ. முதல் ஐந்து நிமிடம் உங்களைக் கவனிப்பார். பிறகு வேலை அவரை இழுத்துக்கொள்ளும், நீங்கள் இருப்பதே மறந்துவிடும். அந்த நேரத்துக்குள் வெளிச்சம் எங்கிருந்து விழுகிறது, ஊசி எப்போது உயர்கிறது என்பதெல்லாம் உங்களுக்கும் பிடிபட்டிருக்கும். பத்துக் கடையை ஓடி ஓடி எடுப்பதைவிட ஒரு கடையில் இருபது நிமிடம் இருங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வேன்.

சந்தைகளில் இரண்டு தொல்லைகள். ஒன்று, தலைக்கு மேல் விரித்திருக்கும் சிவப்பு, பச்சை, நீலக் குடைகளும் தார்ப்பாய்களும். வெயில் அவற்றின் வழியே இறங்கி மீன்மேலும் முகத்தின்மேலும் சாயம் பூசிவிடும். பின்னால் எந்த மென்பொருளாலும் அதை முழுவதுமாகக் கழுவ முடியாது. ஆகவே தார்ப்பாயின் விளிம்பைத் தேடுங்கள். நிழலுக்குள் இருந்தாலும் திறந்த வானத்தின் வெள்ளை வெளிச்சம் முகத்தைத் தொடும் இடம் அது. விளிம்போரக் கடைக்காரரே உங்களுக்கு உகந்தவர். மற்றொன்று எல்.இ.டி. விளக்குகளின் துடிப்பு. அங்கும் நம்மைப்போல் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம்தான். படத்தில் கறுப்புப் பட்டைகள் தெரிந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வையுங்கள்.

ரயில் ஊடே போகும் மே க்லோங் சந்தை, அதே வட்டாரத்தின் அம்பாவா மிதக்கும் சந்தை, ராட்சபுரியின் டாம்னோன் சடுவாக் மூன்றையும் ஒரே நாளில் அடக்கும் சுற்றுலாக்கள் உண்டு. படம் எடுப்பவர் அந்த வண்டியில் ஏறக்கூடாது. மே க்லோங்கில் ரயில் நாளொன்றுக்குச் சில முறைதான் வரும். நேரத்தை நிலையத்தில் கேட்டு அரை மணி முன்னதாகவே நின்றுகொள்ளுங்கள். ரயிலைவிட, மணி ஒலித்ததும் கடைக்காரர்கள் பந்தல்களை மடக்குவதும் தண்டவாளத்தை ஒட்டித் தாழ வைத்த காய்க்கூடைகள் இருந்த இடத்திலேயே இருக்க ரயில் அவற்றின் மேலாக நகர்வதும்தான் காட்சி. கடைக்காரர் எங்கே நிற்கச் சொல்கிறாரோ அங்கேயே நில்லுங்கள், ஓர் அங்குலம்கூட முன்னால் வேண்டாம். மிதக்கும் சந்தைகளில் என் தேர்வு அம்பாவா. வெள்ளி முதல் ஞாயிறு வரை மாலையில் நடக்கும், உள்ளூர்க் குடும்பங்கள் வந்து சாப்பிடும் இடம். டாம்னோன் சடுவாக்தான் வேண்டும் என்றால் காலை ஏழு மணிக்கே அங்கே இருங்கள். பிறகு பயணிகளின் படகுகள் கால்வாயை அடைத்துவிடும்.

சியாங் மாயில் ஞாயிறு மாலை தா பே வாயிலிலிருந்து தொடங்கும் நடைத்தெருச் சந்தையைத் தவறவிடாதீர்கள். சரியாக ஆறு மணிக்கு ஒலிபெருக்கியில் தேசிய கீதம் வரும். நெரிசலில் நகர்ந்துகொண்டிருந்த அத்தனை பேரும் நின்ற இடத்தில் நின்றுவிடுவார்கள். நீங்களும் கேமராவை இறக்கிவிட்டு நில்லுங்கள். அரச குடும்பத்தின் உருவப்படங்களை வைத்து எந்த விளையாட்டும் வேண்டாம். முடியரசை இழிவுபடுத்தும் குற்றத்துக்கு அந்நாட்டுச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு 3 முதல் 15 ஆண்டு வரை சிறை விதிக்கிறது. ட்ரோனுக்குப் பதிவும் அனுமதியும் வேண்டும்; ஒரு வாரப் பயணத்துக்கு அது வீட்டிலேயே இருக்கட்டும்.

கடைசியாக லென்ஸ். பெரிய ஜூமை வாடகைக்கு எடுக்காதீர்கள். தொலைவிலிருந்து இழுத்து எடுத்த முகத்தில் ஊர் இருக்காது, சந்தை இருக்காது. எடுக்கப்பட்டவருக்கும் அது பிடிக்காது. அந்தப் பணத்தில் 23 அல்லது 24 மில்லிமீட்டர், எஃப் 2 போன்று அதிக வெளிச்சத்தை உள்ளே விடும், ஜூம் இல்லாத சிறிய நிலை லென்ஸ் ஒன்று கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். மண்டப இருட்டுக்கும் இரவுச் சந்தைக்கும் உங்கள் 18-55 சற்றுத் திணறும். கிடைக்காவிட்டாலும் 18-55-ஐயே 18-க்கும் 25-க்கும் இடையில் வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். ஜனவரி மழையற்ற மாதம். வடக்கே வயல் எரிக்கும் புகையும் அநேகமாக அதன் பிறகுதான் அடர்த்தியாகும். ஈரப்பதம் மட்டும் விடாது. ஏசி அறையில் குளிர்ந்த லென்ஸை வெளியே எடுத்ததும் ஆவி படிந்துவிடும், தெளிய அரை மணி நேரம்கூட ஆகலாம். அதைத் துணியால் துடைத்துத் துடைத்துக் கோடு போட்டுவிடாதீர்கள். விடியலில் பிக்குகளை எடுக்கப் போகிற நாளுக்கு முந்திய இரவே கேமராப் பையை மூடி, ஏசிக் காற்று எட்டாத குளியலறையின் உலர்ந்த மூலையில் வைத்துவிடுங்கள்.